மாவு டப்பாவுக்குப் பின்னால்

உப்பு தீரப்போவதை உப்பு டப்பாவே சொல்லிவிடும், தம்பி. திறந்து பார்க்கக்கூட வேண்டாம். தூக்கும்போது கை வழக்கத்தைவிடக் கொஞ்சம் மேலே போகும். அப்படியானால் இன்னும் ஒன்பது நாளைக்கு வரும்.

முப்பது வருடமாக இந்த வீட்டை அப்படித்தான் நடத்தினேன். ஒன்றைத் திறந்தால் அதன் பின்னால் திறக்காத இன்னொன்று இருக்க வேண்டும். காபிக்குப் பின்னால் காபி, சோப்புக்குப் பின்னால் சோப்பு. எண்ணெய் எப்போது வரும் என்று ரேஷன் கடைக்காரருக்கே தெரியாத இந்தச் சாந்தா கிளாரா ஊரில் இது சின்ன விஷயமில்லை. தெருவில் எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள்.

"நெரெய்டா அக்கா, பீன்ஸ் எப்ப இறங்கும்?"

"வியாழக்கிழமை."

"அரசாங்கத்துக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"அரசாங்கம் சமைக்கிறதில்லையே."

என் கணவர் லிசார்டோ மின்விசிறி பழுதுபார்ப்பவர். நல்ல மனிதர். ஆறு வருடமாக இருதயம் பலவீனம். காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒன்று. மருந்துக்கடைக்கு அது மாதத்தில் ஒரு நாள்தான் வரும். அன்று மருந்து அட்டையோடு போய் நிற்காவிட்டால் அடுத்த மாதம்தான். நான் ஒரு மாதமும் தவறவிட்டதில்லை. "என் கிழவி இருக்கிற வரைக்கும் எனக்குச் சாவு கிடையாது" என்று பட்டறையில் எல்லோரிடமும் சொல்வாராம்.

பிப்ரவரியில் அவர் காபியை நிறுத்தினார். வயிறு சரியில்லை என்றார். ஒருவர் குடிக்காவிட்டால் டப்பா மெதுவாக இறங்க வேண்டும் அல்லவா? அது பழைய வேகத்திலேயே இறங்கியது. பிறகு அவர் துண்டில் சோப்பு வாசனை இல்லாமல் போனது. வெறும் தண்ணீரில் குளிக்கிறார் என்று தெரிந்தது. ஆனாலும் சோப்பு தேய்ந்துகொண்டிருந்தது, ஓரத்தில் கத்தியால் நறுக்கியதுபோல் நேராக.

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பொய் வரும். டப்பா பொய் சொல்லாது. மே மாதம் முடியும்போது என் குறிப்பின்படி நூற்றுப் பத்துக் கரண்டி காபியும் மூன்றரை சோப்பும் இந்த வீட்டை விட்டுப் போயிருந்தன. ஒரு மனிதர் தன் பங்குக் காபியைக் குடிக்காமல் கொண்டுபோய்க் கொடுக்கிறார் என்றால் யாருக்குக் கொடுப்பார்? எதிர்வீட்டு ஒடாலிஸ் விதவை. மூன்று மணிக்கு அவள் சமையலறையிலிருந்து காபி மணம் வரும். அவளுடைய ரேஷன் பங்கு மாதத்தின் பத்தாம் தேதிக்கே தீர்ந்துவிடும் என்பதை நான் அறிவேன்.

ஜூன் நான்காம் தேதி மருந்து நாள். அன்று நான் வரிசைக்குப் போனேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்குப் பின்னால் வந்தது ஒடாலிஸ்தான்.

"கடைசி யாரு?" என்று கேட்டாள். நான் கையைத் தூக்கினேன்.

"அட, நெரெய்டா அக்காவா! உங்க பின்னாடின்னா கவலையே இல்ல. மருந்து கண்டிப்பா வந்திருக்கும்."

அதன் பிறகு மரத்தடியில் உட்கார்ந்தாலும் சரி, எங்கே போனாலும் சரி, முன்னால் இருப்பவர் முகத்தை நினைவில் வைத்திருப்பதுதான் வரிசையில் நிற்பவரின் வேலை. அதனால்தான் அவள் சாட்சியை நீங்கள் நம்பினீர்கள். நம்பியது சரிதான். என் முறை வந்தபோது அவள் நெருங்கி நின்றாள். அவள் மேல் என் சோப்பின் மணம் வந்தது. ரேஷனில் வரும் பச்சை சோப்பு, ஊருக்கே அது ஒன்றுதானே என்பீர்கள். என் வீட்டுச் சோப்பை எனக்குத் தெரியாதா, தம்பி?

"நீ போம்மா" என்று அவளை முன்னால் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"மருந்து வந்துச்சா, கிழவி?" என்றார் லிசார்டோ.

"வரலையாம்."

இந்த ஊரில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை காதில் விழும் சொல். அதை யார் சந்தேகிப்பார்கள்? அவர் சிரித்தார். "சரி விடு. வந்தா உனக்குத் தெரியாமலா போகும்?" என்றார்.

கையில் இருந்தது எட்டாம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகும் அவரை நான் நன்றாகத்தான் கவனித்துக்கொண்டேன். அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். கோழிச் சாறு வைத்தேன். மூச்சுவாங்கியபோது தலையணைகளை அடுக்கி உட்கார வைத்தேன். பதினைந்தாம் தேதி கால் வீங்கியது. பத்தொன்பதாம் தேதி செருப்பு நுழையவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று ஒரு தடவை கேட்டார். வெயில் தாழட்டும் என்றேன். ஒவ்வொரு நாளும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "என்கிட்ட ஏதாவது சொல்லணுமா, கிழவா?" என்று கேட்டேன். சொல்லியிருந்தால் அன்றைக்கே சரிசெய்திருப்பேன்.

"இருக்கு. ஆனா இப்ப இல்ல. ஜூலையில சொல்றேன்" என்று கண் சிமிட்டினார்.

இருபத்தேழாம் தேதி காலையில் போய்ச் சேர்ந்தார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் பட்டறையிலிருந்து எலிகியோ வந்தார், அவரோடு வேலை பார்த்தவர். பெரிய பால்மாவு டப்பா ஒன்றை மேஜையில் வைத்தார்.

"இது உங்களுக்காகச் சேர்த்தது, அம்மா. உங்க ஊருக்கு, ஹிபாராவுக்கு, ஜூலையில கூட்டிட்டுப் போகணும்னு ஒரே பேச்சு. 'அவ கடலைப் பாத்துப் பதினாலு வருஷம் ஆச்சு, எலிகியோ. கூப்பிட்டா வரமாட்டா. ஊருக்குப் போனா சாமான் வர்ற நாள் தவறிடும்னு பயப்படுவா. அதான் தவறினாலும் பரவாயில்லன்னு காட்ட, என் பங்குல காபியும் சோப்பும் கொஞ்சம் கொஞ்சமா ஒதுக்குறேன்'னு சொல்வாரு."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் கையிலும் அதே சோப்பு மணம்தான் வந்தது.

நேற்று நீங்கள் விசாரணைக்கு வந்தீர்கள். மருந்து அட்டையில் ஜூன் மாத முத்திரை ஏன் இல்லை என்று டாக்டர் கேட்டதாகச் சொன்னீர்கள். மரியாதையாகப் பேசினீர்கள். "பாவம், வயசாயிடுச்சு. அடுப்பை அணைச்சோமான்னு நினைச்சு ஓடியிருப்பாங்க. மருந்து வாங்கவே மறந்துட்டாங்க" என்று ஒடாலிஸ் சொன்னதாகவும் வாசித்துக் காட்டினீர்கள். கீழே 'மறதி' என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டீர்கள். இரவு முழுக்க யோசித்தேன். அந்த வார்த்தையின் கீழ் என்னால் கையெழுத்துப் போட முடியாது. அதனால்தான் உங்களைத் திரும்பக் கூப்பிட்டு அனுப்பினேன்.

அந்த அலமாரியைத் திறங்கள். இரண்டாவது தட்டில் மாவு டப்பாவை நகர்த்துங்கள். பின்னால் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேனே, அதுதான். அறுபது மாத்திரை, முழுசாக ஒரு மாதத்துக்கு. ஆறு வருடமாக அங்கே ஒரு மாதத்து மருந்து கூடுதல் இருப்பாக இல்லாத நாளே இல்லை. ஜூன் முழுவதும் அது அங்கேதான் இருந்தது. நாள் தவறாமல் தூசி தட்டினேன். இந்த வீட்டில் எதுவும் தீர்ந்துபோனதில்லை, தம்பி. நான் எதையும் மறந்ததும் இல்லை. நான் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

எலிகியோ கொண்டுவந்த டப்பாவையும் கொட்டி எண்ணிவிட்டேன். காபி நூற்றுப் பத்துக் கரண்டி, சரியாக இருந்தது. சோப்பு மூன்றுதான் இருக்கிறது.

அரை சோப்பு குறைகிறது. அதை மட்டும் ஒடாலிஸைக் கூப்பிட்டு விசாரியுங்கள்.