ரேணுகாம்பாள், வயது ஐம்பத்திரண்டு

— கையெழுத்து வேணாம், கைரேகை வேணாம். வியாழக்கிழமை காலைல ஒம்போது மணிக்கு என்கூட பெரிய ஆஸ்பத்திரிக்கு வா. அவ்ளோதான் நான் கேக்கறது, ரேணுகாக்கா.

— இரு இரு, ஜெயப்ரியா. வெயில்ல வந்திருக்க. மொதல்ல ஒக்காரு. மோர் குடிக்கிறியா?

— மோரக் குடுத்து பேச்ச மாத்தாத. இது மூணாவது தடவ. மொத தடவ நெய்த சேலைய தறியிலேர்ந்து அறுக்கணும்ன, ரெண்டாவது தடவ ஆடிக் கிருத்திகைன்ன. இன்னிக்கு இன்னா?

— இன்னிக்கு ஒண்ணும் இல்ல. ஒண்ணு கேக்கறேன், சொல்லு. அந்தக் குச்சியில இன்னா இருக்குதுன்னு சொன்ன?

— எச்.பி.வி. கிருமி. ரெண்டு மாசம் முன்னாடி நான் குடுத்த குச்சிய பாத்ரூமுக்கு எடுத்துக்கினு போய், நீயே உள்ள வச்சு சுத்தி எடுத்து, டியூப்ல போட்டு குடுத்தியே, அதுல அது இருக்குதாம். ரிசல்ட் சீட்டு பாரு. ரேணுகாம்பாள், வயசு ஐம்பத்திரண்டு.

— அப்ப புத்துநோயா?

— அய்யய்யோ, இல்லக்கா! சொல்றத கேளு. கர்ப்பப்பை வாய்ல ஒக்காந்திருக்கற கிருமி, அவ்ளோதான். நெறைய பேருக்கு வரும், தானா போயிடும். போவாம அங்கயே குந்திக்கினு இருந்தாதான் பத்து வருஷம், பதினஞ்சு வருஷம் கழிச்சு கேடு. அதுக்கு முன்னாடியே புடிக்கத்தான் குச்சி. முன்னல்லாம் டாக்டரம்மா முன்னாடி படுக்கணும். அதச் சொன்னாலே நம்ம தெருவுல கதவ சாத்திக்குவாங்க.

— சாத்துனது நான்தான்.

— தெரியும், தெரியும்! இப்ப அந்த வெக்கமே இல்ல பாரு. ட்ரெய்னிங்ல சொன்னாங்க, எங்கெங்கயோ ஆராய்ச்சி பண்ணி பாத்தாங்களாம். டாக்டர் எடுத்தாலும் நாமளே எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கண்டுபுடிக்குதாம்.

— பரவால்லியே! படிக்காத கையும் டாக்டர் கையும் ஒண்ணா!

— குச்சிக்கு ஒண்ணுதான். அப்பால வர்ற வேல டாக்டரோடது. அதுக்குத்தான் ஒன்ன கூப்புடறேன்.

— ஒண்ணு கேக்கறேன். மாத்திர கீத்திர இருந்தா வாங்கிக்கினு வந்து குடேன். வீட்லயே போட்டுக்கலாம்ல?

— மாத்திரையில போற கிருமி இல்லக்கா அது. அந்த எடத்த கண்ணால பாத்துத்தான் ஆவணும்.

— பாத்து? கத்தி வைப்பாங்களா?

— பெருசாக்கி காட்டற கேமரா மாதிரி ஒண்ணு வச்சு பாப்பாங்க. சந்தேகம் வந்தா துளியூண்டு சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்க. தேவைப்பட்டா அந்த எடத்துல மட்டும் லேசா சூடு வச்சு சரி பண்ணுவாங்க. அன்னிக்கே வீட்டுக்கு வந்துடலாம்.

— சூடு வச்சா, அப்பால புள்ள பொறக்குமா?

— யாருக்கு? ஒனக்கா? ஐய, சபாபதி மாமா காதுல விழுந்தா மனுஷன் ஊரவிட்டே ஓடிடுவாரு!

— சிரிக்காதடி. தெரிஞ்சிக்கத்தான் கேக்கறேன்.

— பொதுவா பொறக்கும்க்கா. நோய் முத்தவிட்டாதான் கர்ப்பப்பைக்கே ஆபத்து. அதனாலதான் சீக்கிரம் வாங்கன்னு வீடு வீடா கத்திக்கினு திரியறேன். அது சரி, மாமா எங்க? உள்ள தறி ஓடுதே.

— அவரு தறிக்கு பாவு நூலு வாங்கப் போயிருக்காரு. உள்ள நதியா.

— மருமவளா? அந்த மயில் கழுத்து கலரு அவளா நெய்றா? முந்தானை இன்னா அழகா வருது! போன மாசம் நெசவு சொசைட்டியில ஒன் பேரச் சொல்லித்தானே பாராட்டுனாங்க?

— சொசைட்டி கார்டு என் பேர்ல இருக்குதே. எம்புள்ள கமலு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கு போறான், எனக்கு முட்டி வலி. யாரு நெய்தாலும் சேலை என் பேர்லதான் போவும். இந்தத் தெருவுல எந்த வீட்ல கார்டுக்காரங்களே தறியில ஒக்காந்திருக்காங்க?

— அதுவும் சரிதான். சரி, வியாழக்கிழமைக்கு வர்ற இல்ல?

— இரு இரு. இன்னும் ஒண்ணு. முப்பது வயசுக்கு மேலதான் குச்சி குடுப்பேன்னு சொன்னியே, ஏன்? சின்னதுங்களுக்கு அந்தக் கிருமி வராதா?

— வரும். ஆனா அந்த வயசுல பெரும்பாலும் தானா போயிடும். எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்தா சும்மா சும்மா பயப்படுவாங்க, தேவையில்லாத வைத்தியம் ஆயிடும். அதான் முப்பதுன்னு வச்சிருக்காங்க. அன்னிக்கு நதியாவுக்கு இருபத்தேழுதான்னு அவ பேர அடிச்சிட்டு ஒன் பேர எழுதுனேன், மறந்துட்டியா?

— மறக்கல.

— அக்கா, சொல்றத கேளு. போன வருஷம் பின்னாடித் தெருவுல ஒருத்தங்க. இதே ரிசல்ட்டு. பொண்ணு கல்யாணம் முடியட்டும், வர்றேன்னாங்க. சரின்னு விட்டுட்டேன். எட்டு மாசம் கழிச்சு வந்தாங்க. எப்பவோ ஆரம்பிச்சது, அதுக்குள்ள முத்திப்போயிருந்தது. அந்தப் பொண்ணு இப்பவும் என்னப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கினு போவுது. எனக்கு சோறு எறங்கல, தெரியுமா? ஒன்ன விடமாட்டேன்.

— நீ நல்லா இருக்கணும். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். முப்பது ஆவாத பொண்ணு ஒருத்தி. புருஷன்கூட இருந்துட்டு வந்தா ரத்தம் படுதுன்னு வையி. அவ குச்சிக்கு இன்னும் மூணு வருஷம் காத்துக்கினு இருக்கணுமா?

— இன்னாக்கா சொல்ற! குச்சியே அவளுக்கு இல்ல. ஒரு தொந்தரவும் இல்லாதவங்களுக்குத்தான் குச்சி. ரத்தம் பட்டா வயசு எதுவா இருந்தாலும் நேரா டாக்டர்கிட்ட போவணும். குச்சியில ஒண்ணும் இல்லன்னு வந்தாலும் போவணும். அன்னிக்கே போயிருக்கணும்.

— அன்னிக்கேவா?

— பின்ன? சாதாரண புண்ணா இருக்கும், ஒண்ணுமில்லாமக்கூட இருக்கும். ஆனா அத டாக்டர்தான் சொல்லணும். அதுக்குத்தானே ஒன்கிட்டயும் கேட்டேன், ரத்தம் படுதான்னு? இல்லன்னியே.

— எனக்கு இல்லதான். தீட்டு நின்னே நாலு வருஷம் ஆவுது.

— அப்ப யாருக்கு? பேரு சொல்லு. இப்பவே போறேன்.

— பேரு சொன்னா தெரு சும்மா இருக்குமா? கல்யாணமாயி மூணு வருஷம், இன்னும் ஒண்ணும் தங்கலியான்னு கொழாய்ல தண்ணி புடிக்கறப்பல்லாம் கேக்கறாளுங்க. இது வேற தெரிஞ்சா அவ்ளோதான், மலடின்னே பேரு வச்சிடுவாளுங்க. என்ன மாதிரி கெழவி பேர்ல எதுவந்தாலும் ஒருத்தியும் திரும்பிப் பாக்கமாட்டா.

— என்கிட்ட சொன்னது என்னிக்காவது வெளிய போயிருக்குதா? யாருக்கா அந்தப் பொண்ணு? எத்தன மாசமா இப்படி?

— நீ குச்சி குடுக்கறதுக்கு முன்னாடி இருந்தே. டெஸ்ட்டு எடுத்தா தெரிஞ்சிடும்னு நெனச்சேன்டி. தப்பு பண்ணிட்டேனா?

— நீ நெனச்சியா? நீ எதுக்கு? இரு, தறி சத்தம் நின்னுடுச்சே.

— நூலு அறுந்திருக்கும்.

— நூலு அறுந்தா எழுந்து வெளிய வருவாங்களா?

— நதியா, நீ உள்ள போ. நான் பேசிக்கினு இருக்கேன்ல.

— போதும் அத்தை, எனக்காக நீங்க மாட்டிக்கினு முழிச்சது. ஜெயப்ரியாக்கா, வியாழக்கிழமை வரைக்கும் வேணாம், நாளைக்கே கூட்டிக்கினு போங்க. அந்த சீட்டும் சொசைட்டி கார்டு மாதிரிதான். பேரு அத்தையோடது, குச்சி என்னுது.