தொட்டிக்குப் பின்னால் ஓர் அருவி

மீன் தொட்டிக்குப் பின்னால் வெறுஞ்சுவர் தெரிந்தால் எடுப்பாக இருக்காது, ஐயா. பின்னால் ஒரு படம் இருந்தால்தான் மீனின் நிறம் தெரியும். பதுளையில் வளர்ப்பு மீன் விற்கும் இன்ஸாப் நானா எனக்குச் சொன்னது இது. மண் எப்போது சரிந்தது என்றுதான் நீங்கள் கேட்டீர்கள். அதை யாரும் சொல்லிவிடுவார்கள். நான் அந்தப் படத்திலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு முழுதாக விளங்கும்.

என் பெயர் நல்லையா. தெமோதரைக்கு மேலே உள்ள தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மேட்டு லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக உள்ள வீடுகளில், கடைசிக்கு முந்திய காம்பரா என்னுடையது. மனைவி மாரியாயி இறந்த பிறகு அந்த அறையில் நான் மட்டும்தான். மகன் கொழும்பில் இருக்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் எடுப்பான். ஆனால் தனியாகச் சோறு தின்பது எனக்குப் பழகவே இல்லை. இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. யாராவது வழியில் போனால் ஒரு வார்த்தை பேசலாமே என்று, தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று சாப்பிட்டிருக்கிறேன்.

அப்படி இருக்கும்போதுதான் கடைசிக் காம்பராவுக்குச் சதீஸ்குமாரும் அவன் மனைவி விதுஷாவும் குடிவந்தார்கள். மகள் டனுஷிகா அப்போதுதான் நடை பழகியிருந்தாள். அவர்களுக்கும் எனக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பிள்ளையை என் பக்கம் வரவழைக்கத்தான் மீன் தொட்டி வாங்கினேன், அதில் மறைக்க ஒன்றுமில்லை. நான் நினைத்தபடியே வந்தாள். கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, "பெரியப்பா, மீனுக்குப் பசிக்குதாம்" என்பாள். அவளைக் கூப்பிட விதுஷா வருவாள், விதுஷாவைத் தேடி அவன் வருவான். பிறகு ராத்திரிச் சாப்பாடே என் அறையில் என்று ஆகிவிட்டது. அந்த வருடம் எனக்கு உடம்பு தேறியது என்று எல்லாரும் சொன்னார்கள்.

வெடிப்பை முதலில் பார்த்தது விதுஷாதான். "அண்ணே, இங்க வந்து பாருங்க, சுவரு பொளந்திருக்கு" என்று கூப்பிட்டாள். தரையிலிருந்து கூரை வரை போயிருந்தது. என் பக்கம் வந்து தொட்டியை நகர்த்திப் பார்த்தேன், அதே வெடிப்பு. விரல் நுழைந்தது. மற்றக் காம்பராக்களில் ஒன்றுமில்லை, மலை இறங்கும் பக்கம் எங்கள் மூலைதான்.

அந்த வாரமே ஒரு செய்தி வந்தது. மண்சரிவு பார்க்கும் அதிகாரிகள் வருவார்களாம். வெடிப்பு இருந்தால் லயத்தையே காலி பண்ணச் சொல்வார்களாம். வேறு இடத்தில் சீட்டுக் குலுக்கி வீடு கொடுப்பார்களாம். தனி ஆளுக்கு வீடு இல்லை, சொந்தக்காரரிடம் போக வேண்டியதுதான் என்றும் பேசிக்கொண்டார்கள். ஹாலிஎலையில் தம்பி வீடு இருக்கிறது. அங்கே எனக்கு ஒரு மூலை கிடைக்கும். பேச்சுத்துணை கிடைக்காது.

விதுஷாவுக்குத் தலைகால் புரியவில்லை. "நமக்குன்னு தனி வீடுண்ணே. தனிக் குசினி, தனிக் கக்கூசு. நீங்களும் எங்க பக்கத்துலயே வந்துருங்க" என்றாள். குலுக்கல் சீட்டில் பக்கத்து வீடு கேட்டு வாங்க முடியுமா, ஐயா? அவள் சும்மா ஆறுதலுக்குச் சொன்னாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் அதைச் சொன்னதுதான் எனக்கு வலித்தது.

மறுநாள் பதுளைக்குப் போனேன். இன்ஸாப் நானா சுருள்களை விரித்துக் காட்டினார். நீலம் ஒன்று, கறுப்பு ஒன்று, பவளப்பாறை ஒன்று. கறுப்புதான் தங்க மீனுக்குப் பொருத்தம் என்றார். எனக்கும் அது பிடித்திருந்தது, ஆனால் உயரம் போதாது. கூரை வரை வருகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"என்னத்துக்கு அவ்வளவு உசரம்? மீனுக்கு வாங்குறீங்களா, செவத்துக்கா?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். கடைசியில் உள்ளேயிருந்து ஓர் அருவிப் படம் எடுத்துவந்தார். மேலே பாறை, நடுவில் வெள்ளையாக நீர், கீழே பச்சை. மீனுக்கு எடுப்பாக இருக்காது என்று அவரே சொன்னார். நான் அதையே வாங்கிக்கொண்டேன்.

தீபாவளிக்கு முன்னால் லயத்தில் எல்லாரும் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். வேலைக்குப் போகும்போது சதீஸ்குமார் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவான். அவர்கள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போன பிறகு அவர்கள் பக்கத்து வெடிப்பில் சீமெந்து அடைத்து, அறை முழுவதும் வெள்ளையடித்தேன். வெடிப்பு வந்ததிலிருந்து இறுகிக் கிடந்த கதவின் அடியையும் சீவிவிட்டேன். என் பக்கம் அருவியை ஒட்டி, தொட்டியை அதன் முன்னால் வைத்தேன். சாயங்காலம் விதுஷா வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு, "எங்கப்பாகூட எனக்கு இப்படிச் செஞ்சதில்லண்ணே" என்றாள். அவள் கண் கலங்கியது. என் கண்ணும்தான்.

அதிகாரிகள் வந்தபோது சதீஸ்குமாரும் விதுஷாவும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு அறையையும் நான்தான் திறந்து காட்டினேன். வந்த பெண் பிள்ளை சிங்களத்தவர், அரைகுறைத் தமிழில், "மீன் நல்லா அழகு" என்று சொல்லிப் படம்கூடப் பிடித்தார். வெடிப்பு உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அது பழைய சுண்ணாம்பு வெடித்ததாம், பயமில்லையாம் என்று அதிகாரிகள் சொன்னதாக விதுஷாவிடம் சொன்னேன். ஒரு நாள் முகம் வாடியிருந்தாள். பிறகு சரியாகிவிட்டாள்.

பிறகுதான் தண்ணீரைக் கவனித்தேன். தொட்டியில் தண்ணீர் ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டது, மறுபக்கம் இரண்டு விரல் கீழே நின்றது. தண்ணீர் சாயாது, ஐயா. தரைதான் சாய்கிறது. பலகைத் துண்டு ஒன்றை அடியில் கொடுத்துச் சமன் செய்தேன். சில நாளில் இன்னொன்று தேவைப்பட்டது. லயத்தில் இது எனக்கு மட்டும்தான் தெரியும், மீன் தொட்டி வேறு யாரிடமும் இல்லை.

அந்தப் பெரிய மழை பிடித்த அன்று மத்தியானமும் ஒரு துண்டு செருகினேன். பின்னேரம் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லித் தகவல் வந்தது. லயமே கிளம்பியது. சதீஸ்குமார் பிள்ளையைப் போர்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"அண்ணே, எல்லாரும் போறாங்க. நாமளும் போயிருவமா?"

"பச்சப்புள்ளய இந்த மழையில எங்கடா தூக்கிட்டுப் போற? பாத்துட்டுப் போனவங்க ஒண்ணுமில்லன்னுதான சொன்னாங்க. என் சுவத்தப் பாரு, அசைஞ்சிருக்கா?"

அவன் அருவியைப் பார்த்தான். பிறகு பிள்ளையை இறக்கிவிட்டான்.

போக விட்டிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் அவர்கள் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், என்னோடு யார் உட்காரப் போகிறார்கள்? அதுதான் என் மனதில் இருந்தது. தெரியாமல் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். எனக்குத் தெரியும். ஆனால் அந்த மலை என் தலைக்கு மேலும்தான் நின்றது. அதனால் அது ஒரு குற்றமாக எனக்குப் படவில்லை.

விதுஷா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். மழை இரைச்சலில் பேச்சே கேட்கவில்லை, ஆனாலும் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம். நான் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன். பிள்ளை மீனுக்குத் தீனி போட்டுவிட்டு அம்மா தோளில் தூங்கிப்போனாள். அவர்கள் தங்கள் பக்கம் போனார்கள். விடிகிற நேரத்தில் மலை வந்தது. கடைசிக் காம்பராவோடு நின்றுவிட்டது. மூன்று பேரையும் வெளியே எடுக்கும்போது நானும் கூட நின்றேன்.

இப்போது பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறேன். தம்பி மாதிரி இருந்தவனின் குடும்பத்தையே பறிகொடுத்தவர் என்று எல்லாரும் என்னைக் கூப்பிட்டுச் சாப்பிட வைக்கிறார்கள். சேலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் சோடி, கைக்குழந்தை வேறு. குழந்தைக்குச் சளி, அப்புத்தளையில் தாய் வீட்டுக்குப் போக வேண்டும், பாதை திறந்துவிட்டதா என்று நேற்று என்னைக் கேட்டார்கள். பஸ் முந்தாநாளிலிருந்தே ஓடுகிறது. இன்னும் நாலு நாள் பொறுத்துப் போங்கள் என்றேன். நல்ல பிள்ளைகள், ஐயா, கட்டிய மூட்டையை உடனே அவிழ்த்துவிட்டார்கள்.