இறக்கத்தில் மிதித்த கால்

மாலை ஆறேமுக்கால் இருக்கும். மழை விட்டு, மலைப்பாதை முழுக்க மூடுபனி. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை...

ஓட்டியவர் என் நண்பனின் அக்கா கணவர். பழைய கார் வாங்கி விற்பவர். பக்கத்தில் அக்கா. பின் சீட்டில் சின்ன மகள், அடித்துப் போட்ட மாதிரித் தூக்கம்.

போன மாதம் இதே இறக்கத்தில்தான் ஒரு நர்ஸ் செத்துப்போனாள். அவர் விற்ற கார். கிளட்ச் தேய்ந்து வழுக்குகிறது என்று தெரிந்தே, "புதுசு போட்டிருக்கேம்மா, கண்ணை மூடிக்கிட்டு ஓட்டு" என்று அவள் தலையில் கட்டியிருந்தார். கியரைக் குறைத்தும் இன்ஜின் வண்டியைப் பிடிக்கவில்லை. பிரேக்கை மிதித்து மிதித்து, அதுவும் சூடேறிக் கைவிட்டது. சாவு வீட்டு வாசலில் நின்றுகொண்டே அவர் சொன்னார்: "வண்டி தங்கம். அந்தப் பொண்ணுக்குத்தான் ஓட்டத் தெரியல."

இன்று அவருடையது புத்தம் புது கார். இரண்டாவது கியரில் போட்டுக் கிளட்சிலிருந்து காலை எடுத்தார். இன்ஜின் உறுமிக்கொண்டே வண்டியை இழுத்துப் பிடித்து இறக்கியது.

ஒரு வளைவு திரும்பியதும்... கருகின வாடை.

உறுமல் சட்டென்று அடங்கியது. இன்ஜினின் பிடி விட்டுப்போய், வண்டி தன் போக்கில் உருண்டது. குனிந்து பார்த்தார். அவருடைய இடது கால் கிளட்சை அடிவரை மிதித்திருந்தது! எடுக்கப் பார்த்தார். வரவில்லை. பாதத்தின் மேல் ஏதோ கனம்... ஈரமாக, சில்லென்று.

பிரேக்கை மிதித்தார். பிடித்தது. புகைந்தது. அப்புறம் பிடிக்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்தார். கிரீச்... அவ்வளவுதான்.

காதோரம் ஒரு பெண் குரல். அவசரமே இல்லாமல்.

"எனக்கு ஓட்டத் தெரியலன்னு சொன்னீங்களாமே அண்ணே... நீங்க ஓட்டுங்க, பார்க்கலாம்."

"தெரியாமச் சொல்லிட்டேம்மா! பின்னாடி குழந்தை இருக்கு!"

"எனக்கும் வீட்ல ஒண்ணு இருக்கு."

தடுப்புச் சுவர் உடைந்தது. குழந்தை அந்த இடத்திலேயே போய்விட்டது. அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அந்தக் குரலைப் பற்றிச் சொல்லி அழுதார். ஒருவரும் நம்பவில்லை.

அக்கா மட்டும் நம்பினாள். தன் தம்பியை, அதாவது என் நண்பனை, வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு போனாள். அவள் அழவில்லை.

"அந்தக் குரலை நானும் கேட்டேண்டா. உங்க மாமா வாயிலேருந்துதான் வந்துச்சு... என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே பேசினாரு."