தூய்மை அமுதமும் ஒரு பளிங்கு முகமும்

மனித குலத்தின் சுத்த வரலாற்றில் ஒரு மாபெரும் திருப்பம் எங்கள் வீட்டுச் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு இடது பக்கம் நிகழ்ந்தது என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. மற்றதெல்லாம் சில்லறை விஷயங்கள்.

செய்முறை எளிது. எலுமிச்சைத் தோலை வினிகரில் ஊறப்போட வேண்டும். நன்றாக ஊறியதும் வடிகட்டி, சமையல் சோடாவைக் கொட்டினால் புஸ்ஸென்று நுரைத்துக்கொண்டு வரும். அந்த நுரையைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை பிறந்துவிடும். எனக்குப் பிறந்தது. நுரை அடங்கியதும் பாட்டிலில் ஊற்றி, 'தூய்மை அமுதம்' என்று பெயர் எழுதி ஒட்டினேன். கடை ரசாயனம் எதுவும் இனி வீட்டுப் படியேறக் கூடாது என்று அறிவித்தேன்.

"ஏங்க, நுரையெல்லாம் போன பிறகு அதுல என்னதான் மிச்சம் இருக்கு?" என்று என் மனைவி கேட்டாள். விஞ்ஞானத்துக்கு வீட்டில் மரியாதை கிடையாது.

இனி அத்தான். என் அக்காவின் கணவர். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் தலைவர். வேறொருவர் தலைவராக இருந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. உயிரோடு இருக்கும்போதே தனக்குப் பளிங்கில் மார்பளவு சிலை செய்து, தரைத்தளத்தில் லிஃப்டுக்கு எதிரே வைத்துக்கொண்டவர். லிஃப்டுக்குக் காத்திருப்பவர்கள் வேறெதையும் பார்க்க வழியில்லை. "நான் ஊர்ல இல்லாதப்போ என்னைப் பார்க்கணும்னா இதைப் பார்த்துக்குங்க. மயிரிழை பிசகாம அளந்து செஞ்சது," என்று திறப்பு விழாவில் சொன்னார்.

எனக்கு அவர்மேல் எந்தக் கோபமும் கிடையாது. இந்த வரியை நீங்கள் அடிக்கோடிட்டு எழுதினால் நல்லது.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் என் அமுதத்துக்கு ஒரு செயல்விளக்கம் வைத்தேன். மேசைமேல் காய்ந்துபோன டீக் கறை. அமுதம் தெளித்துத் துடைத்தேன். போய்விட்டது. கை தட்டினார்கள். அத்தான் மெதுவாக எழுந்து வந்தார். தன் டம்ளரில் இருந்த குடிதண்ணீரில் கைக்குட்டையை நனைத்து, பக்கத்துக் கறையைத் துடைத்தார். அதுவும் போய்விட்டது.

"இதுக்குத் தண்ணியே போதுமே மச்சான்," என்றார்.

சிரித்தார்கள். இரண்டாவது மாடிப் பல் மருத்துவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். முன்வரிசையில் என் மனைவி, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கூட்டம் கலைந்ததும் அத்தான் என் தோளில் கை போட்டார். "மனசுல வச்சுக்காதடா. நம்ம சிலையைத் துடைக்கிற வேலையை நீயே எடுத்துக்க. உன் மருந்தையே போட்டுத் துடை. யார் கேக்கப் போறா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த வாரம் சம்மதித்தேன்.

தினமும் காலையில் துடைத்தேன். விடுப்பு எடுத்ததில்லை. காய்ச்சலோடு வந்துகூடத் துடைத்திருக்கிறேன். முதலில் சிலையின் மெருகு போய், மாவு பூசியது போல ஒரு வெண்மை வந்தது. "என்னடா மச்சான், மூஞ்சியில ஒரு ஞானக் களை வந்திருக்கு?" என்று அத்தான் பூரித்தார். பிறகு மூக்கு நுனி கொஞ்சம் உள்வாங்கியது.

அதை முதலில் கவனித்தவர் அவர்தான். ஒருநாள் சிலைக்கு முன்னால் நின்று தன் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மச்சான், எனக்கு மூக்கு வளருதாடா?"

"வயசானா சில பேருக்கு அப்படி ஆகும் அத்தான்."

"கண்ணாடியில பார்த்தா சரியாத்தானே இருக்கு?"

"கண்ணாடி கடையில வாங்கினது. சிலை அளந்து செஞ்சது."

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. சிலையைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு அறுவை மருத்துவரிடம் போய், மூக்கைக் குறைத்துக்கொண்டு வந்தார். கட்டுப் பிரித்ததும் டேப்போடு சிலைக்கு முன்னால் வந்து அளந்தார். சிலை அதற்குள் ஒரு படி முன்னால் போயிருந்தது. மறுபடி போனார். அடுத்து காது மடல். அப்புறம் தாடை. நான் அவரை ஒருமுறைகூட வற்புறுத்தியதில்லை. ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனதோடு சரி.

அக்கா வந்து அழுதாள். "டேய் தம்பி, காபி கொடுக்கப் போனா யார் வீட்டு ஆம்பளையோ வந்து உக்காந்திருக்கிற மாதிரி இருக்குடா. பேரன் கிட்டப் போக மாட்டேங்கறான்."

"சிலையைப் பாருக்கா. அத்தான் அச்சு அசல் அப்படியேதானே இருக்கார்?" என்றேன்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தன்று வாசலில் காவலாளி அவரை நிறுத்தினார்.

"எந்த வீட்டுக்கு சார்? யாரைப் பார்க்கணும்?"

"யோவ், தலைவரையே கேக்கறியா?"

"அவரு மேல கூட்டத்துக்குப் போயிருப்பாரு சார்."

அத்தான் விடுவிடுவென்று சிலைக்குப் பக்கத்தில் போய் நின்றுகாட்டினார். உரித்து வைத்த இரண்டு முட்டைகள் மாதிரி இருந்தார்கள். காவலாளி மாறி மாறிப் பார்த்துவிட்டு சல்யூட் அடித்தார். அத்தானுக்குப் பெருமை தாங்கவில்லை. "அளவு துளி மாறலை பார்த்தியா மச்சான்?" ஆனால் மேலே கூட்டத்தில் அவர் பேச எழுந்தபோது யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்காலி போடுபவர் என்று நினைத்து ஒரு அம்மாள் இன்னொரு நாற்காலி கேட்டார். அத்தான் கொண்டுவந்து போட்டார்.

கீழே வந்ததும் சிலையை வெகுநேரம் பார்த்தார். "உதடு கொஞ்சம் அதிகமா இருக்கோ?" என்றார். சிலையில் அப்போது உதடு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அந்த அறுவைக்கு அவர் தேதி வாங்கிய பிறகுதான் அக்கா உங்களிடம் புகார் கொடுக்க வந்தாள்.

புளிப்பு பளிங்கைத் தின்னும் என்பது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தொட்டிக்கு இடது பக்கம் என்றேனே, அங்கே மேடை பளிங்கு. அத்தான் சிலை வேலையைக் கொடுத்த அதே வாரத்தில், சோடா போடாமல் ஊறிக்கொண்டிருந்த ஜாடி அங்கே கசிந்துவிட்டது. தூக்கிப் பார்த்தால் அடியில் ஒரு பள்ளம். விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். நான் சொன்ன மாபெரும் திருப்பம் அதுதான். மனைவி இன்றைக்கும் உப்பு ஜாடியை வைத்து அதை மறைத்திருக்கிறாள்.

நுரை போன பிறகு என்ன மிச்சம் என்று அவள் கேட்ட கேள்விக்கும் அன்றைக்கே விடை கிடைத்தது. சோடா போட்டு நுரைக்கவிட்டால் புளிப்பெல்லாம் செத்துப்போகும். அது பளிங்கை ஒன்றும் செய்யாது. ஆகவே சிலைக்கான பாட்டிலில் மட்டும் சோடா போடவில்லை. முதல் நாளிலிருந்தே போடவில்லை. ஆமாம், தெரிந்துதான் செய்தேன். ஆனாலும் இதைப் பழி என்று எழுதாதீர்கள். என் தயாரிப்புக்குச் சக்தி இருக்கிறது என்று ஒருவராவது ஒப்புக்கொள்ள வேண்டுமில்லையா? சிலை ஒப்புக்கொண்டது.

உங்கள் மேசையில் டீ கிளாஸ் வைத்த வட்டக் கறை ஒன்று இருந்தது. காலையில் வந்ததிலிருந்து எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. நீங்கள் வாங்கி வைத்திருக்கும் என் பையில் இருந்த பாட்டிலைக் கேட்டேன். நீங்கள் தர மறுத்துவிட்டீர்கள். சற்று முன் நீங்கள் வெளியே போயிருந்தபோது உங்கள் கான்ஸ்டபிள் வந்து ஈரத்துணியால் துடைத்தார்.

தண்ணீரிலேயே போய்விட்டது.