எடுக்காத கல்

கீரிமலைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். யன்னலோரம் இருந்தவர் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நட்டவைக்கு எடுக்க மனம் வரேல்லைப் போலை" என்றார். அதைக் கேட்டுத்தான் என் காது அங்கே போனது.

"என்னத்தை, மச்சாள்?"

"லண்டனிலை இருந்து மகள் அனுப்பினவள். வெட்டவெளியிலை வட்டமா நட்ட பெரிய கல்லுகள். எத்தினையோ ஆயிரம் வரியம் பழசாம். ஏன் நட்டது எண்டு ஒருத்தருக்கும் சரியாத் தெரியாதாம். செத்த ஆக்களையும் அதிலைதான் தாட்டவையாம்."

"அப்ப எங்கடை மாதிரித்தான்."

"ஓம். செத்த சீவன் வந்து இருக்கத்தானே நாங்களும் கல்லு வைக்கிறம். ஆனா நாங்கள் முப்பத்தொராம் நாள் எடுத்துக் கடலிலை போட்டிடுவம். அவையள் போடேல்லை."

பஸ் தெல்லிப்பழையில் நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டதும் யன்னலோரம் இருந்தவர் திரும்பவும் சொன்னார்:

"உன்ரை அண்ணை கடலுக்குப் போனவர் போனவர்தான். வள்ளமும் கிடைக்கேல்லை. நீங்கள் எல்லாரும் சொன்னபடியால்தான் இண்டைக்குக் காரியம் செய்ய வாறன்."

"தெரியும், மச்சாள்."

"ஐயரிட்டை ஒண்டு கேக்கப்போறன். கல்லை வைச்சிட்டு எடுக்காமல் விடலாமோ எண்டு."

"எடுக்காட்டி அண்ணை போகேலாமல் எல்லே நிப்பார்."

"ஓம்," என்றார் யன்னலோரம் இருந்தவர். "நிக்கட்டும்."