எந்தப் பீத்தோவன் வீடு

பிழை நீங்கள் கேட்ட கேள்வியிலைதான். சந்தியிலை நிண்டு பீத்தோவன் வீடு எது எண்டு கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவினம். உங்களை நாய் நிக்கிற வீட்டை அனுப்பிப்போட்டாங்கள், என்ன? கடிக்கேல்லைத்தானே? அது கடிக்காது. அதுக்குக் கடிக்கவும் தெரியாது, ஒழுங்காக் குரைக்கவும் தெரியாது. மோட்டச்சைக்கிளை உந்த மாமரத்துக்குக் கீழை விட்டிட்டு வந்து இருங்கோ அண்ணை. கதிரை தூசி, ஒருக்காத் தட்டிப்போட்டு இருங்கோ.

உரும்பிராயோ? ம். மருமகனுக்குப் பொம்பிளை விசாரிக்க வந்தனீங்கள். அதை நீங்கள் வாய் திறந்து சொல்லத் தேவையில்லை, படலையடியிலை கண்டோன்னையே விளங்கீட்டுது. அறியாத ஊருக்குத் தோய்ச்சு மினுக்கின சேட்டோடை வந்து, தண்ணி விடாய்க்குது எண்டு கேக்கிற ஆக்கள் எல்லாம் அதுக்குத்தான் வாறவை. மாப்பிளை லண்டனோ? கணக்குப் பாக்கிற எக்கவுண்டனோ? நல்லது. கலியாணம் பேசேக்கை லண்டனிலை எல்லாரும் எக்கவுண்டன்தான். இல்லை இல்லை, உங்கடை ஆளைச் சொல்லேல்லை. குடியுங்கோ.

சரி, நீங்கள் தேடுறது தர்சினி. பரமலிங்கத்தின்ரை மூத்தவள். வீடு இதுக்கு அடுத்த வளவுதான், உந்தத் தகர வேலிக்கு அங்காலை. கொஞ்சம் மெல்லக் கதையுங்கோ. தாய் பூரணம் வேலியோடை காதை ஒட்டிக்கொண்டு நிப்பாள். அந்த வீட்டிலை புருசனுக்கு இல்லாத காதையும் சேத்து அவள்தான் வைச்சிருக்கிறாள்.

பொறுங்கோ, பொறுங்கோ. மற்றப் பீத்தோவன்களையும் சொல்லிப்போடுறன். இல்லாட்டி போகேக்கை ஆரும் மறிச்சு வேறை கதை சொல்லுவாங்கள், நீங்கள் அதைக் கொண்டுபோய் உரும்பிராயிலை அவிட்டு விடுவியள்.

நாய் குணலட்சுமியின்ரை. மகன் கனடாவிலையிருந்து வந்து, கொழும்பிலை வாங்கி, ஏசி வானிலை ஏத்திக்கொண்டு வந்தவன். உடம்பு முழுக்கச் சடை. எங்கடை வெய்யிலுக்கு உது தேவையோ? அவன் திரும்பிப் போனாப்பிறகு குணலட்சுமி சலூன்காரப் பெடியனைக் கூப்பிட்டு மொட்டை அடிச்சு விட்டவள். இப்ப பாத்தால் நாயோ ஆட்டுக்குட்டியோ எண்டு தெரியாது. மகன் வைச்ச பேர் பீத்தோவன். கூப்பிட்டால் வராது. சோறும் மீனும் வைச்சால் மணந்து பாத்திட்டுப் போகும், பைக்கற்றிலை வாறதுதான் வேணும். அந்த மனிசி தன்ரை சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்க பஸ்ஸிலை தொங்கிக்கொண்டு போறவள், நாய்க்கு ஊசி போட ஓட்டோ பிடிச்சுப் போறாள். கேட்டால், பீத்தோவன் பஸ்ஸிலை ஏறமாட்டுதாம்.

சந்தியிலை மேல்மாடியிலை பெரிய போட் ஒண்டு கண்டிருப்பியள், பீத்தோவன் இசைக் கல்லூரி எண்டு. கல்லூரி எண்டால் ஒரு அறை, ரெண்டு கீபோட், ஒரு எமில்ராஜ். பின்னேரத்திலை படிப்பிப்பான், சனி ஞாயிறு கலியாண வீடுகளிலை வாசிப்பான். போட்டிலை அந்த வெள்ளைக்காரன்ரை தலையைக் கீறி வைச்சிருக்கிறான். எண்ணெய் சீப்பு ஒண்டும் காணாத தலை, முகத்தைப் பாத்தால் ஆரோடையோ கொளுவிப்போட்டு வந்தவன்ரை முகம். திறப்பு விழாவுக்கு, கட்டிடச் சொந்தக்காரன் இளையதம்பி என்ன செய்தார் தெரியுமோ? ஐயரைக் கூட்டிக்கொண்டு வந்து, அந்தப் படத்துக்குச் சந்தனம் குங்குமம் வைச்சு, மாலை போட்டு, தேங்காய் உடைச்சுக் கற்பூரமும் காட்டுவிச்சவர். உது ஆர் எண்டு ஐயர் கேக்க, பெடியன்ரை பாட்டனாராக்கும் எண்டு சொன்னாராம். எமில்ராஜ் சேர்ச்சுக்குப் போற வேதக்காரப் பெடியன். அதுவும் கும்பிட்டுக்கொண்டு நிண்டுது. வாடகை அட்வான்ஸ் குடுத்தாப்பிறகு என்னத்தைச் சொல்லிறது.

அங்கை ரெண்டு வருசமாப் படிக்கிற பிள்ளை ஒண்டு வாணி விழாவுக்கு வாசிச்சுது. நானும் போனனான். தாய்க்காரி போனிலை படம் எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைக்கிறாள். பிள்ளை வாசிச்சது பாண் ஓட்டோப் பாட்டு, ஒழுங்கை ஒழுங்கையாப் பாண் விக்க வாற ஓட்டோவிலை போடுறது. பக்கத்து வீட்டு மனிசி பையும் கையுமா ஒழுங்கைக்கு ஓடிவந்து, ஓட்டோவைக் காணாமல் பேசிப்போட்டுப் போனவ.

ஓம், அந்தப் பாட்டும் போட்டிலை இருக்கிற அந்த வெள்ளைக்காரன் போட்டதுதானாம். ஜேர்மன்காரனாம். பெரிய ஆளாம். இருந்திட்டுப் போகட்டும். இஞ்சை அவன்ரை பாட்டு பாணுக்குத்தான் உதவிது. தண்ணி கொண்டுவாற பவுசர் லொறி பின்னுக்கு எடுக்கேக்கையும் அதே பாட்டுத்தான் கத்தும். உந்த ஒழுங்கையிலை சின்னனுகள் மீன் பணிஸுக்குப் பீத்தோவன் எண்டுதான் சொல்லுதுகள். பொழுதுபடுற நேரத்துக்கும் அதுதான் பேர், பீத்தோவன் வரமுதல் உடுப்புகளை எடுத்துவை எண்டுவினம். மணிக்கூடு பாக்கப் பஞ்சிப்படுற சனம்.

நீங்கள் கேக்கிற பீத்தோவன்தான் அந்தப் பாண்காரன் பரமலிங்கம். ஆனால் பாட்டாலை வந்த பேர் இல்லை அது. முந்தியே வந்தது. இஞ்சை ஒரு வாத்தியார் வகுப்பிலை சொன்னவர், அந்த ஜேர்மன்காரனுக்குக் கடைசியிலை காது கேளாமல் போனது எண்டு. வாத்தியார் என்னத்துக்குச் சொன்னாரோ, பெடியள் அதைப் பிடிச்சுக்கொண்டாங்கள். பரமலிங்கம் சைக்கிளிலை போகேக்கை பின்னாலை பெல் அடிச்சு, விலகாட்டி, ஏய் பீத்தோவன் எண்டு கத்தினவங்கள். கத்தினாலும் அந்தாளுக்குக் கேளாது, அதிலை என்ன பகிடியோ. பேந்து கனகாலத்துக்குப் பிறகு தோட்டக்காணியைக் குத்தகைக்குக் குடுத்திட்டு ஓட்டோ எடுத்தவர். பேக்கரிக்காரன் ஓட்டோவிலை பூட்டிக் குடுத்த பாட்டுப் பெட்டியிலை அந்தப் பாட்டுத்தான் இருந்தது. ஊரே சிரிச்சுது. தம்பிஐயா எண்டு ஒரு கடைக்காரர், அவரின்ரை கடையிலை ஒரு கிழமையா வேறை கதை இல்லை.

காது கேளாத மனிசனுக்குப் பாட்டை எவ்வளவிலை வைக்கிறது எண்டு என்னண்டு தெரியும்? கையைப் பெட்டியிலை வைச்சுப் பாப்பார், அதிருதோ எண்டு. அதிராட்டி இன்னும் கூட்டுவார். விடியக்காலமை ஆக்கினை, பின்னேரம் ஆக்கினை. நான் ஒருநாள் நடு ஒழுங்கையிலை மறிச்சு நல்ல பேச்சுக் குடுத்தனான். அண்டையிலையிருந்து எங்கடை மதில் தொடங்கிற இடத்திலை நிப்பாட்டி, மதில் முடியத்தான் திருப்பிப் போடுறார். என்னண்டு விளங்கினது எண்டோ? வாயைப் பாத்து விளங்குவார். மற்றாக்கள் எண்டால் ரெண்டு மூண்டு தரம் சொல்லவேணும். என்ரை பேச்சு ஒருதரத்திலை விளங்கும். இல்லை, நான் அந்தப் பாண் வாங்கிறேல்லை. இடியப்பம் அவிக்க எனக்குக் கை இருக்கு.

ம்... அப்ப நீங்கள் தம்பிஐயாவின்ரை கடையிலை சோடா குடிச்சிட்டுத்தான் வாறியள். முகத்தைப் பாக்கவே நினைச்சனான். என்ன சொன்னவர்? அந்தக் குடும்பத்துக்கே காது மந்தம், பெரியப்பனுக்கும் கேளாது, அது ரத்தத்திலை வாறது, பிறக்கப்போற பிள்ளையளையும் யோசியுங்கோ எண்டு. அதுதானே? எழுத்துப் பிசகாமல் அதைத்தான் சொல்லியிருப்பார். பல்லு விழுந்தும் அந்தாளுக்கு அந்தப் பாடம் மறக்கேல்லை.

தம்பிஐயா கடை வைச்சிருக்கிறார் எண்டு பேர். பருப்பு வாங்கப் போனால் வண்டு. அங்கை பழுதாகாமல் இருக்கிறது ஊர் விடுப்புக் கதை மட்டும்தான். உங்களை மாதிரி வெளியூர் ஆக்களைக் கண்டால் அந்தாளுக்கு இருப்புக் கொள்ளாது. தர்சினிக்கு இதுக்கு முதலும் ரெண்டு பேச்சு வந்தது. ஒண்டு மாப்பிளை பாங்கிலை, மற்றது டென்மார்க். ரெண்டு பகுதியும் அந்தக் கடை வாங்கிலிலை இருந்து எழும்பி அப்பிடியே பஸ் ஏறிப் போனவை. இந்தப் படலைக்கும் வரேல்லை, அந்தப் படலைக்கும் போகேல்லை. இப்ப நீங்கள் மூண்டாவது. நீங்களும் போய்க் காதுக் குறை எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும். பெட்டைக்கு இருபத்தெட்டு. இனி ஒருத்தரும் வரமாட்டினம், வந்தாலும் ரெண்டாந்தாரம் எண்டு ஏதும் வரும்.

பெரியப்பன் எண்டோ? அந்தாள் நெல்லு மில்லிலை எஞ்சினுக்குப் பக்கத்திலை வாழ்க்கையை முடிச்ச மனிசன். அந்த எஞ்சினுக்குப் பக்கத்திலை உங்களை இருத்திவிட்டால் உங்களுக்கும் கேளாது. தம்பிஐயாவுக்கு அது தெரியும். அவரும் அங்கைதான் நெல்லுக் கொண்டுபோய்க் குத்தினவர்.

பிள்ளை எப்பிடியோ? நான் அவளைப் புகழமாட்டன். அந்த வீட்டிலை ஒருத்தரையும் நான் புகழமாட்டன். வாய்க்காரி. வேலிக்கு மேலாலை வந்த முருங்கைக் கொப்பை நான் வெட்டினதுக்கு என்னோடை வந்து நிண்டு நியாயம் கதைச்சவள். நேற்றுப் பிறந்ததுக்கு நியாயம். ஆனால் விடிய எழும்பித் தகப்பனோடை ஓட்டோவிலை போய், ஆக்கள் கேக்கிறதைக் கேட்டுச் சொல்லி, பாண் எடுத்துக் குடுத்திட்டுத்தான் கம்பசுக்குப் போய்ப் படிச்சவள். இப்ப கச்சேரியிலை, அரசாங்க வேலை. அதை இல்லையெண்டு சொல்லேலாது. காதோ? நான் இஞ்சை அடுப்படியிலை இருந்து எனக்குள்ளை புறுபுறுக்கிறன், அவள் அங்கை கிணத்தடியிலை நிண்டு மறுமொழி சொல்லுறாள். அந்தக் காதிலை பழுது சொன்னால் வாய் அழுகிப்போகும்.

உங்கடை பெடியனும் அவளும் கதைச்சவையோ? போனிலையோ? ஓ, அதுதான். கொஞ்ச நாளாப் பெட்டை முற்றம் கூட்டேக்கை பாடிறாள். பாடத் தெரியாது, ஆனால் பாடிறாள். அப்ப அவைக்கு விருப்பம். பிறகென்னத்துக்கு நீங்கள் வெய்யிலுக்கை ஊர் ஊரா அலையிறியள்? சரி சரி, அக்கா சொல்லி அனுப்பினவ, நீங்கள் தாய்மாமன், கடமை. விளங்குது.

என்னண்டு எனக்கு இவ்வளவு உறுதி எண்டு கேக்கிறியள். கேளுங்கோ. எண்பத்தேழாம் ஆண்டு, ஆமியின்ரை வடமராச்சி ஒப்பரேசன் நேரம். சனம் எல்லாம் கோயிலுக்கு எண்டு பொட்டளியோடை வெளிக்கிடுது. ஐயாவும் அம்மாவும் முன்னுக்குப் போயிட்டினம். மாட்டை அவிட்டு விட எண்டு நான் பிந்தினனான். பரமலிங்கம் அப்ப பின் ஒழுங்கையிலை, தாய் தகப்பனோடை. அவர் தங்கடை ஆக்களோடை போகாமல் இஞ்சை ஓடிவந்தவர், மாடு அவிட்டுத்தர. உந்தக் கிணத்துக்கு அங்காலை அப்ப வாழைத் தோட்டம். அதுக்கைதான் குண்டு விழுந்தது. நான் கொட்டிலுக்கை நிண்டதாலை மண்ணோடை தப்பினன். அவர் கிணத்துக் கட்டோடை நிண்டவர். புகைக்குள்ளாலை நான் கத்திக் கத்திக் கூப்பிடுறன், மனிசன் தன்ரை காதைத் தொட்டுத் தொட்டு விரலைப் பாத்துக்கொண்டு நிக்குது. விரலெல்லாம் ரத்தம். அதுக்கு முதல் நாள் பின் வேலிக்கரையிலை நிண்டு, வீட்டிலை ஒருத்தருக்கும் கேளாமல் மெல்லமாக் கூப்பிட்டனான். ரெண்டு வளவு தாண்டி ஓடிவந்தவர். பிறவிச் செவிடனுக்கு அது கேக்குமோ?

நாலு வருசத்துக்குப் பிறகு அவருக்கு ஒரு கலியாணம் பேசினது. பூரணத்தைச் சொல்லேல்லை, இது அதுக்கு முதல். பொம்பிளைப் பகுதி விசாரிச்சுது, தம்பிஐயா இதே கதையைச் சொன்னவர், கலியாணம் நிண்டுபோச்சு. பேந்துதான் பூரணத்தின்ரை தகப்பன் பிடிச்சுக் குடுத்தவர். ஒரு வீட்டைத் தவிரக் காசுச் சீதனத்துக்கு வழியில்லாத மனிசன், விசாரிச்சால் மாப்பிளை போயிடும் எண்டு விசாரிக்கேல்லை. அவளுக்கு அதுவே அதிர்ஷ்டம். அவளுக்குச் சீதனமாக் கிடைச்ச வீடு எனக்கு அடுத்த வளவாப் போச்சு, அதுதான் என்ரை அதிர்ஷ்டம்.

எனக்குப் புத்தூரிலை மாப்பிளை பாத்தவை. ரெண்டு காதும் திறமாக் கேக்கிற மாப்பிளை. நான் சொன்ன ஒரு சொல்லும் அந்தக் காதுக்கை போகேல்லை. இப்ப கொழும்பிலை ஒருத்தியோடை இருக்கிறார், அவள் சொல்லுறது கேக்குதாக்கும்.

ஓம் அண்ணை, பரமலிங்கத்துக்கு முதல் பேசி நிண்டுபோன அந்தப் பொம்பிளை நான்தான். ஐயா தம்பிஐயாவைக் கேட்டார், சாத்திரியாரைக் கேட்டார், புத்தூருக்குப் போய் மாமாவைக் கேட்டார். குண்டு விழேக்கை பக்கத்திலை நிண்டவள் நான், அடுப்படியிலை இருந்து அவைக்குத் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு இருக்கிறன், என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. இவ்வளவு காலத்திலை நீங்கள்தான் முதல் கேட்டது.