அடர்வனத்தில் ஒரு மதியச் சாப்பாடு

அந்த ஓட்டலில் சாப்பாடு நன்றாகவே இருந்தது, மேடம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சமையல்காரர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவர்களை நீங்கள் இனிமேல் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம்.

திண்டிவனத்துக்கு இந்தப் பக்கம், பெருமுக்கல் மலை தெரிகிற தூரத்தில் இருக்கிறது அந்தப் பூங்கா. ராட்டினங்களைத் தாண்டி உள்ளே போனால் அடர்வனம் என்கிற அந்த ஓட்டல். சுவரெல்லாம் அருவி வழியும். மேசைகளுக்கு நடுவே சின்ன ஓடை ஓடும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே விளக்கை அணைத்து இடி மின்னல் காட்டுவார்கள். கொரில்லா வேஷம் போட்டவர்கள் மேசை மேசையாக வந்து உறுமுவார்கள். போவதற்கு முன்பே என் மகள் அஸ்வினி அதையெல்லாம் போனில் காட்டினாள். இருட்டாகிற இடத்தை மட்டும் நான் மறுபடி போடச் சொல்லிப் பார்த்தேன்.

கூட்டிப் போனவர் என் மருமகன் கோகுலகிருஷ்ணன். கனடா போவதற்கு முன்னால் அத்தையை ஒரு பெரிய இடத்துக்கு அழைத்துப் போக வேண்டுமென்று அவருக்கு ஆசை. நல்ல பிள்ளை. குடிக்கமாட்டார். என் மகளை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு வளவனூரில் நிலம். நெல், கரும்பு போக மல்லாட்டையும் போடுவோம், நீங்கள் வேர்க்கடலை என்பீர்களே, அதுதான். அவருக்கு மல்லாட்டை ஆகாது. கொஞ்சம் உள்ளே போனாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டார். அவருக்காக என் சமையலில் எண்ணெயை மாற்றினேன். தனிச் சட்டி வைத்தேன். எத்தனை மாமியார்கள் இப்படிச் செய்வார்கள்?

பிறகுதான் கனடா வேலை வந்தது. தயங்கித் தயங்கித்தான் என்னிடம் சொன்னார்.

"ரெண்டு வருசம்தான் அத்தே. செட்டில் ஆய்க்கினு உங்களையும் கூப்டுக்கிறோம்."

சரிங்க தம்பி என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? அஸ்வினி கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் அப்பா போய்விட்டார். கல்யாணம் வரைக்கும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கின பெண் அவள். கட்டிக்கொடுத்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவாள். அப்படிப்பட்டவள் பனி கொட்டுகிற ஊரில் என்ன செய்வாள்? நான் அவளைத்தான் நினைத்தேன், என்னை அல்ல.

பொங்கலுக்கு வந்திருந்தபோது சட்னியில் விரல் நுனியளவு மல்லாட்டைப் பொடி கலந்து கொடுத்தேன். அவருக்கு உதடு தடித்து, கண் சிவந்து, மூச்சு இழுத்தது. அஸ்வினி ஓடிவந்து பையிலிருந்து ஒரு ஊசியை எடுத்தாள். பேனா மாதிரி இருந்தது. அதைத் தொடையில் குத்தியதும் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டார். கடைச் சாமானில் கலந்திருக்கும் என்றார்கள். உங்களைப் பயமுறுத்திட்டேன் அத்தே என்று அவரே என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த ஊசி எப்படி வேலை செய்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடர்வனத்தில் சமையல்காரரே மேசைக்கு வந்து, அவருக்கு என்னென்ன ஆகாது என்று கேட்டுக்கொண்டு போனார். அவ்வளவு கவனம். கல்லில் குடைந்த மாதிரி ஒரு சட்டியில் கறிக்குழம்பு வந்தது. கறுப்பாக, கெட்டியாக, காரமாக இருந்தது. அஸ்வினி பையை என் மடியில் வைத்துவிட்டு, அருவி ஓரமாக நின்று வீடியோ எடுக்கப் போனாள். விளக்கு அணைந்தது. ஊசி ஓடைக்குப் போயிற்று. வீட்டிலிருந்து வறுத்துப் பொடித்துக் கொண்டுபோனது குழம்புக்குள் போயிற்று. அவர் மேலே மின்னலைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார்.

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் அவர் விளையாட்டுக்கு இருமுவதாக நினைத்தார்கள். ஒரு குழந்தை கைதட்டியது. அவர் என் மடியில் இருந்த பையைக் காட்டினார். நான் பையைத் திறந்து தேடினேன். நிதானமாகத்தான் தேடினேன். அப்போது ஒரு கொரில்லா வந்து கையைத் தூக்கி உறுமியது. அவர் அதன் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. வேஷக்காரருக்குத்தான் முதலில் விஷயம் புரிந்தது. தலையைக் கழற்றி வீசிவிட்டு, லைட்டைப் போடச் சொல்லிக் கத்தினார்.

அஸ்வினி ஓடிவந்தாள். "ஊசி எங்கம்மா?"

"இதுலதாண்டி இருந்துச்சு. தேடிக்கினுதான் இருக்கேன்."

பையைப் பிடுங்கித் தரையில் கொட்டினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, மேடம். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் மூச்சு அடங்கிவிட்டது.

ஓடையைக் கழுவும்போது ஊசி கிடைத்ததென்று சொன்னீர்கள். மறுக்கவில்லை. நான்தான் போட்டேன். குழம்பில் கலந்ததும் நான்தான். கோகுலகிருஷ்ணனைக் கொன்றது நான்.

புகார் கொடுத்தது அஸ்வினி என்றும் தெரியும். இப்போது கோபத்தில் இருப்பாள். எந்நேரமும் அவர் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். என் முகத்தில் விழிக்கமாட்டேன் என்றாளாம். அவள் தனியாகவே கனடா கிளம்பப் போகிறாள் என்று நீங்கள் சொல்வதை மட்டும் நான் நம்பமாட்டேன். அவளைப் பெற்றவள் நான், நீங்கள் அல்ல. என்னைப் பார்க்க மனு கொடுத்துவிட்டு நாளைக்கோ மறுநாளோ வருவாள். வந்துதானே ஆக வேண்டும், மேடம்? இனி என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?